சீமெந்தைக் குழைக்குமுன்: ஆங்கிலக் கிராமத்து மரச்சட்ட வீடு வாங்கியோருக்கு ஒரு திறந்த மடல்

கென்ட், சசெக்ஸ், சஃபோக், ஹெரிஃபோர்ட்ஷயர் கிராமங்களில் பழைய ஓக் மரச்சட்ட வீடு வாங்கியிருக்கும், வாங்க எண்ணியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

வணக்கம்.

வீடு பார்த்தாயிற்று, விலையும் பேசியாயிற்று. கடன் தரும் வங்கியின் மதிப்பீட்டாளர் வந்து ஈரமானியைச் சுவரில் குத்துகிறார். சிவப்பு விளக்கு எரிகிறது. "நிலத்திலிருந்து ஈரம் ஏறுகிறது, நிபுணரின் அறிக்கை பெறவும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகிறார். அடுத்த வாரம், இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று ஈரத்தடை வேலை செய்பவர்கள் வருகிறார்கள். அவர்கள் தரும் தாளில் பெரும்பாலும் நாலு வேலைகள் இருக்கும்: சுவரடியில் துளையிட்டு இரசாயனம் செலுத்துவது, உள்பக்கம் ஒரு மீட்டர் உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சீமெந்து பூசுவது, வெளி விரிசல்களை அடைப்பது, மரம் முழுவதற்கும் மருந்து தெளிப்பது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இந்த மடலை ஒருமுறை படியுங்கள். ஓக் சட்டமும் சுண்ணாம்புக் காரையும் எங்கள் தொழில். நானூறு, ஐந்நூறு வருடம் நின்ற வீடுகள் நாற்பது வருடத்தில் அடிச்சட்டம், அதாவது சுவரின் அடியில் படுத்திருக்கும் மரம், உளுத்துப் போவதற்குக் காரணம் அநேகமாக மழையல்ல. மழைநீர் வெளியேறும் வழியை நல்லெண்ணத்தோடு அடைத்துவிட்ட சீமெந்துதான். நாங்கள் கேட்பது இவ்வளவே: அந்த வீட்டில் சீமெந்து, ஜிப்சம், பிளாஸ்டிக் பெயின்ட், ஃபோம், சிலிக்கன் எதையும் வைக்காதீர்கள். முன்னவர்கள் வைத்திருந்தால், முறையாக அனுமதி பெற்று எடுங்கள்.

ஏன் என்பது வீடு கட்டப்பட்ட விதத்தைப் பார்த்தால் விளங்கும்.

கென்ட், சசெக்ஸ் பகுதியில் நீங்கள் வாங்கியிருப்பது "வீல்டன்" வகை வீடாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏறத்தாழ 1370இலிருந்து 1550 வரை வசதியான விவசாயிகள் கட்டிய வகை இது. நடுவில் கூரைவரை திறந்த ஒரு கூடம், இரு பக்கமும் மேல்மாடியோடு ஒவ்வொரு பகுதி. பக்க மாடிகள் முன்னே துருத்தி நிற்கும், நடுக்கூடம் உள்வாங்கியிருக்கும். மூன்றையும் ஒரே கூரை மூடுவதால், கூடத்துக்கு முன்னால் தாழ்வாரத்துச் சட்டம் அந்தரத்தில் ஓடும், அதை வளைந்த முட்டுமரங்கள் தாங்கும். ஒரு பக்கத்தில் பண்டங்களும் பானங்களும் வைக்கும் இரண்டு சிறிய அறைகள். மறுபக்கம் வீட்டுக்காரரின் தனியறை, அதற்கு மேலே படுக்கையறை. கூடத்தின் தரை நடுவில் தீ எரியும். புகைபோக்கி கிடையாது, புகை கூரை வழியாகவே போகும்.

அந்தப் புகை இன்றும் உங்கள் வீட்டில் இருக்கலாம். ஒரு நல்ல கைவிளக்கோடு கூரைக்குள் ஏறிப் பாருங்கள். கைமரங்கள் மேலே மினுங்கும் கருமை படிந்து, தொட்டால் கரி ஒட்டினால், அது திறந்த கூடத்தின் கூரை. பக்கத்துக் கைமரங்கள் சுத்தமாக இருந்தால் அந்தப் பகுதி அறையாக மூடப்பட்டிருந்தது, அல்லது பின்னால் சேர்க்கப்பட்டது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் செங்கல் புகைபோக்கி கட்டி, கூடத்தின் குறுக்கே இடைத்தளம் போட்டார்கள். அதனால்தான் கீழே சாதாரண அறைபோலத் தெரியும் இடத்துக்கு மேலே அப்படியொரு கூரை மறைந்திருக்கிறது. கூரைக்குள் வெப்பக்காப்புப் போட வருபவர் அந்தக் கரியைக் கழுவித் தருகிறேன் என்றால் விடாதீர்கள். வீட்டின் வயதுக்கு அதுவே சாட்சி.

இந்த வகையை முழுதாகப் பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. கிழக்கு சசெக்ஸ் ஆல்ஃபிரிஸ்டனில் உள்ள குருமனை 14ஆம் நூற்றாண்டு வீடு. பழைய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 1896இல் 10 பவுணுக்கு வாங்கிய, அந்த அமைப்பின் முதல் கட்டடம் அதுதான். மேற்கு சசெக்ஸ் சிங்கிள்ட்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் பேலீஃப் என்ற வீடு நிற்கிறது. கென்ட்டின் சிடிங்ஸ்டனிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மறுபடி கோத்த வீடு அது. மர வளையங்களைக் கணக்கிட்டதில் அதன் கூடம் 1405க்கும் 1430க்கும் இடையில் வெட்டிய மரம், வீட்டுக்காரரின் தனியறைப் பக்கம் 1505–1510 காலத்து மரம் என்று தெரியவந்தது. உங்கள் வீட்டில் கை வைக்குமுன் ஒரு நாள் குடும்பத்தோடு போய், மூட்டுகளைக் கிட்ட நின்று பாருங்கள்.

மரச்சட்டத்துக்கு வருவோம். அந்தக் காலத் தச்சர் ஓக்கைக் காயவைத்துக் காத்திருக்கவில்லை. வெட்டிய மரத்தைப் பச்சையாகவே இழைத்தார், ஏனென்றால் காய்ந்த ஓக் இரும்புபோல் இறுகிவிடும். பட்டறை நிலத்தில் ஒவ்வொரு சுவர்ச் சட்டகத்தையும் படுக்கவைத்துக் கோத்துப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு ரோமன் எண்களைக் கீறி, கழற்றி, வண்டியில் ஏற்றி, மனையில் மறுபடி கோத்தார். அந்தக் கீறல்கள் உங்கள் தூண்களில் இருக்கின்றன. மூட்டு என்பது ஒரு மரத்தில் துளை, மற்றதில் அதற்குள் நுழையும் நாக்கு, இரண்டையும் ஊடுருவும் ஓக் முளை. முளைத்துளைகளை வேண்டுமென்றே 2, 3 மி.மீ. விலக்கித் துளைப்பார்கள். முளையை அடிக்கும்போது நாக்கு உள்ளே இழுபட்டு இறுகும். மரம் காயக் காய இன்னும் பிடிக்கும். ஆணியும் பசையும் தேவையில்லை.

எல்லா மூட்டிலும் அருமையானது தூணின் தலை. தச்சர் மரத்தைத் தலைகீழாக நிறுத்துவார். வேர்ப்பக்கம் அகலமாக இருப்பதால் அது மேலே வரும். அகன்ற அந்தத் தலையில் இரண்டு நாக்குகள். வெளிப்பக்கத்து நாக்கு சுவரின் மேல்சட்டத்துக்குள் ஏறும். உள்பக்கத்து நாக்கு சற்று உயரமானது, அது வீட்டின் குறுக்கே ஓடும் விட்டத்துக்குள் ஏறும். விட்டம், வாய் குறுகி நுனி விரிந்த ஒரு வெட்டால் மேல்சட்டத்தைக் கவ்விக்கொண்டு அதன்மேல் உட்காரும். மூன்று மரங்கள் ஒரே இடத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. கூரை எப்போதும் சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், அந்தத் தள்ளலைப் பிடித்து நிறுத்துவது இந்த மூட்டுத்தான்.

ஆகவே, மாடியில் அறைக்கு அறை போகத் தலை இடிக்கிறது என்று விட்டத்தின் நடுவை வெட்டி வாசல் வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். இந்தத் தவறு நிறைய வீடுகளில் உண்டு. விட்டம் அறுபட்டால் மேல்சட்டம் மெல்ல வெளியே சாயும், கைமரங்களின் அடி விலகும், கூரையின் முகடு நடுவில் தொய்யும். அப்படி இருந்தால் பூச்சு வேலையையெல்லாம் ஒத்திவைத்து, பழைய கட்டட அனுபவமுள்ள பொறியாளரை அழையுங்கள். பெரும்பாலும் மேலே ஓர் எஃகுப் பட்டை அல்லது கம்பி கொண்டு அறுந்த விட்டத்தை மறுபடி இணைத்துவிடலாம்.

ஓக் காயும்போது நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்காது. குறுக்கே சுருங்கும், அதுவும் வளையங்களை ஒட்டிய திசையில் அதிகம். அதனால் தூண்களில் நீளமாக வெடிப்பு விழும், சட்டத்துக்கும் சுவர் நிரப்பலுக்கும் நடுவே இடைவெளி வரும், தரை சாயும், கதவுச் சட்டம் கோணும். இவை முதல் சில பத்தாண்டுகளில் நடந்து முடிந்த மாற்றங்கள். நீளவெடிப்பு பலவீனம் அல்ல, அதைச் சீமெந்தால் அடைத்தால் உள்ளே போன நீர் அங்கேயே நிற்கும். வெளியே, மேல்நோக்கிய முகத்தில் மழைநீர் தேங்கும் வெடிப்பு இருந்தால் மட்டும் அதற்கேற்ற ஓக் சீவலைச் செருகச் சொல்லுங்கள். காய்ந்த பிறகும் சட்டம் குளிர்காலத்தில் சற்று உப்பி, கோடையில் சற்று ஒடுங்கி, ஒவ்வொரு வருடமும் அசைந்துகொண்டேதான் இருக்கும். சீமெந்துக்கு அந்த அசைவோடு சேர்ந்து அசையத் தெரியாது.

சட்டங்களுக்கு நடுவே இருக்கும் சுவர் உங்களுக்குப் புதிதல்ல. நம் ஊரில் வரிச்சுக் கட்டி மண் குழைத்து அப்பிய அதே வேலைதான். மேல்குறுக்குச் சட்டத்தின் அடியில் வரிசையாகத் துளைகள், கீழ்ச் சட்டத்தின் மேல் ஒரு நீளப் பள்ளம். பிளந்த ஓக் குச்சியின் தலையை மேல்துளையில் செருகி, அடியைப் பள்ளத்தில் தள்ளி நிறுத்துவார்கள். அவற்றினூடே ஹேசல் மரக் கொம்புகளைக் கூடைபோல முடைந்து, இரு பக்கமும் களிமண், வைக்கோல், சாணம் சேர்த்துக் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையடிப்பார்கள்.

இந்தச் சுவர் மழையைத் தடுப்பதில்லை. சாய்மழை அடித்தால் காரை சில மில்லிமீட்டர் நனையும், மழை விட்டதும் காற்றும் வெயிலும் அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளும். மரத்தோரமாக இடைவெளிக்குள் புகும் நீரும் அப்படியே மெல்லக் காய்ந்துவிடும். நனைந்து காய்வதுதான் அதன் இயல்பு. மேலே சீமெந்து பூசினால் முதல் சில வருடங்கள் பளிச்சென்று இருக்கும். பிறகு சட்டம் அசைந்து, மரத்தோரமாக மயிரிழை விரிசல் விழும். மழைநீர் முகப்பில் வழிந்து அந்த விரிசலுக்குள் உறிஞ்சப்படும், உள்ளே போன நீர் திரும்பிவர வழி இல்லை. அது கீழே இறங்கி அடிச்சட்டத்தின்மேல் சேரும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அங்கேயே நின்றால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை மெலிய வைத்த ஓக்கை டெத்வாட்ச் வண்டின் புழு தின்னும். வெளியே பூச்சு முழுதாக இருக்கும். உள்ளே அடிச்சட்டம் தேயிலைச் சக்கைபோலக் கையில் வரும்.

சிவப்பு விளக்கு எரிந்ததே என்பீர்கள். அந்த ஈரமானி இரண்டு ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளக்கிறது. அது மரத்துக்காக அளவுகுறித்த கருவி. பழைய காரையில் உப்பு இருந்தால், சுவர் உலர்ந்திருந்தாலும் சிவப்பு எரியும். புகைபோக்கிச் சுவர்களில் நூற்றாண்டுகளின் புகைக்கரி உப்புகள் ஊறியிருப்பதால் மழைநாளில் மஞ்சள் கறை தெரிந்து வெயில் நாளில் மறையும். அது நிலத்து ஈரமே அல்ல, காற்றின் ஈரத்தை உப்பு உறிஞ்சுவது. இரசாயனத் துளையும் இங்கே வேலை செய்யாது. அடித்தளம் உடைகல்லும் சக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்த குவியல், செலுத்திய திரவம் அதில் ஒரே கோடாகத் தடை கட்டாது. அதன்மேல் இருப்பதோ மரச்சட்டம். 2022இல் இங்கிலாந்தின் சர்வேயர் அமைப்பான ஆர்.ஐ.சி.எஸ்., பழங்கட்டடங்களுக்கான அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து, ஈரத்தடைத் தொழில் செய்வோரின் சங்கமான பி.சி.ஏ. மூன்றும் சேர்ந்து, பழைய கட்டடத்தில் ஈரத்தை ஆராய வேண்டிய முறைபற்றி ஒரு கூட்டு வழிகாட்டி வெளியிட்டன. உங்கள் வங்கி அறிக்கை கேட்டால் அந்த வழிகாட்டியின்படி செய்யுங்கள் என்று எழுத்தில் சொல்லுங்கள். மருந்து விற்பவர் தரும் இலவச அறிக்கையை விட, எதையும் விற்காத, பழைய கட்டடத் தகுதி பெற்ற சர்வேயருக்குக் கட்டணம் கொடுத்துப் பெறும் அறிக்கை மலிவானது.

அவர் வருவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியது நிறைய. நல்ல மழை கொட்டும்போது குடையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரைநீர் ஓடும் பீலி எங்கே வழிகிறது, இறங்குகுழாயின் பின்புறம் எங்கே பச்சை படர்ந்திருக்கிறது, குழாய் நீர் எங்கே போய் விழுகிறது என்று குறியுங்கள். பிறகு நிலமட்டம். அடிச்சட்டத்தின் அடியிலிருந்து வெளி நிலம் குறைந்தது 150 மி.மீ., முடிந்தால் 200 மி.மீ. தாழ இருக்க வேண்டும். பூம்பாத்தி, சரளைக்கல், கல் பாவிய முற்றம் என்று நூறு வருடமாக மண் ஏறி, சட்டம் புதைந்தே போயிருக்கும் வீடுகள் உண்டு. மண்ணை இறக்குவதுதான் பல வீடுகளுக்கு முழு மருந்தும். ஒரேயடியாக ஆழமாகத் தோண்டாதீர்கள், இந்த வீடுகளுக்கு அஸ்திவாரம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்டினால் கல் இறங்கும். உள்ளே பழைய செங்கல் தரையை எடுத்து, பிளாஸ்டிக் விரித்து கொங்கிரீட் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். தரை வழியாக மெல்ல ஆவியாகிக்கொண்டிருந்த ஈரம் அப்போது சுவர்ப்பக்கம் ஒதுங்கும், சுவரடி ஈரத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

வண்டுத் துளைகளைக் கண்டு பதற வேண்டாம். 2 மி.மீ. அளவுத் துளை சாதாரண மரப்புழு, 3 மி.மீ. அளவு டெத்வாட்ச். ஓக்கின் வெளிவிளிம்பில் இருக்கும் வெள்ளைமரத்தைத்தான் அவை முதலில் தின்னும், நடுவயிரம் உறுதியாக இருக்கலாம். ஒரு திருப்புளியை அழுத்திப் பாருங்கள், 10, 20 மி.மீ. உள்ளே போய்க் கெட்டியாக நின்றால் சட்டம் நிற்கிறது என்று அர்த்தம். வண்டு இப்போதும் இருக்கிறதா என்று அறிய, பங்குனி மாதத்துக்குள் துளைகளின்மேல் மெல்லிய காகிதத்தை ஒட்டிவிட்டு ஆடியில் பாருங்கள். காகிதத்தில் புதுத் துளை விழுந்திருந்தால் மட்டுமே உயிருள்ள வண்டு. அப்போதும் மருந்துத் தெளிப்பு உதவாது. அது சில மில்லிமீட்டருக்கு மேல் ஓக்குக்குள் இறங்காது. புழுவோ ஆழத்தில் பல வருடம் கிடக்கும். வண்டைத் தின்னும் சிலந்திதான் மருந்தில் சாகும். நீர் வரும் வழியை அடைத்து, மரம் 15 சதவீத ஈரத்துக்குக் கீழே காய்ந்தால் புழு தானாகவே குறையும்.

இனிப் பழுதுபார்ப்பது. சீமெந்துப் பூச்சை எடுக்க அனுமதி வேண்டும், அதைக் கீழே சொல்கிறோம். எடுக்கும்போது மின்சுத்தியல் வேண்டாம், அதன் அதிர்வில் மண் நிரப்பல் உதிரும். மறைவான ஒரு மூலையில் சுத்தியல், உளி கொண்டு ஒரு சதுர அடி எடுத்து, பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கம்பிவலை ஆணியடித்திருந்தால் வலையை வெட்டி வெட்டித் துண்டாக எடுங்கள், இழுத்தால் மண்ணும் சேர்ந்து வரும். எடுத்த பின் அவசரப்படாதீர்கள். திண்ணிய சுவர் ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் காயும் என்பது தொழிலில் வழங்கும் கைக்கணக்கு. சித்திரையில் எடுத்தால் கோடை முழுதும் காயும்.

மண் நிரப்பல் உதிர்ந்த இடத்தில், உதிர்ந்த மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். அது மறுபடி பயன்படும். ஒரு தொட்டியில் ஊறப்போட்டு, கட்டி கரைந்ததும் ஒரு விரல்நீள வைக்கோலைத் தாராளமாகத் தூவிக் காலால் மிதியுங்கள். போதாததற்கு அந்தப் பகுதியின் அடிமண் களியும் சாணமும் சேருங்கள். கையில் உருட்டிய உருண்டை இடுப்புயரத்திலிருந்து விழுந்தால் தட்டையாக வேண்டும், சிதறக் கூடாது. முதலில் ஒரு செங்கல் அளவு செய்து காயவையுங்கள். ஆழமாக வெடித்தால் களி அதிகம், கூர்மணல் சேருங்கள். முறிந்த வரிச்சுகளுக்கு மட்டும் புதுக் கொம்பு. விரல் பருமனை விடச் சற்றுத் தடித்த ஹேசல், குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின் வெட்டியது, பச்சையாகவே முடைய வேண்டும். இரண்டு பேர் சுவரின் இரு பக்கமும் நின்று, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கைநிறைய எடுத்து அழுத்தி அப்புங்கள், இரு பக்க மண்ணும் வரிச்சின் இடுக்கில் சந்தித்து ஒன்றாக வேண்டும். ஒருவர் மட்டும் அப்பினால் எதிர்ப்பக்கம் பிதுங்கி விழும். மண்முகம் மரமுகத்திலிருந்து 12 மி.மீ. அளவு உள்ளே நிற்கட்டும், அந்த இடம் காரைக்கு. ஈரமாக இருக்கும்போதே குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறிவிடுங்கள். சில வாரம் காய்ந்தபின் ஓரங்களில் விரிசல் வரும், அதே மண்ணால் அடையுங்கள்.

காரைக்கு, நீற்றிய சுண்ணாம்புக் களி 1 பங்கு, நன்கு தரம்பிரித்த கூர்மணல் 3 பங்கு, கன மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ ஆட்டுமயிர். களி குறைந்தது மூன்று மாதம் நீருக்கடியில் கிடந்ததாக இருக்கட்டும். கடையில் பைகளில் விற்கும் சுண்ணாம்புத் தூளைச் சீமெந்துக் கலவையில் சேர்க்கிறார்களே, அது வேறு, சீமெந்து சேர்ந்தால் எல்லாம் பழையபடிதான். மயிரைக் கொத்தாகப் போடாமல் பிரித்து உதறிக் கலக்க வேண்டும். கரண்டியால் கொஞ்சம் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் நுனியில் மயிர் மீசைபோலத் தொங்க வேண்டும். மண்சுவரை முதலில் நனையுங்கள், உலர்சுவர் காரையின் நீரை உறிஞ்சிவிட்டால் பிடிமானமின்றித் தூளாகும். முதல் பூச்சு 9, 10 மி.மீ., அது இறுகியபின் மெல்லிய மேல்பூச்சு. முடிந்த காரை மரமுகத்தோடு சமமாக அல்லது ஒரு நூல் உள்ளே இருக்க வேண்டும். காரை மரத்தைவிட முன்னே துருத்தினால் அதன் விளிம்பில் நீர் நின்று ஓரத்துக்குள் இறங்கும். ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு வெயிலும் காற்றும் படாமல் ஒரு வாரமாவது பாருங்கள். 5 பாகை செல்சியஸுக்குக் கீழே போகும் காலத்தில் காரைவேலை கூடாது. இறுகாத காரை உறைந்தால் வசந்தத்தில் பாளம் பாளமாக உதிரும். சித்திரையிலிருந்து புரட்டாதிவரைதான் வெளிவேலைக் காலம். பிறகு பால்போல நீர்த்த சுண்ணாம்பை நாலு, ஐந்து தடவை அடியுங்கள், ஒவ்வொரு தடவைக்கும் முன் சுவரை நனைத்து. தடித்து ஒரே பூச்சாக அடித்தால் உரியும். சுண்ணாம்பு கண்ணைப் பொசுக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் யாரும் தொட வேண்டாம், பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

எல்லாச் சட்டங்களுக்கும் நடுவே மண்தான் இருக்கும் என்றில்லை. சில வீடுகளில் பின்னாளில் செங்கல் அடைத்திருப்பார்கள், மீன்முள் வரிசையில் அழகாகக்கூட. அதுவும் இப்போது பழைமையே, எடுக்க வேண்டாம், சீமெந்துச் சாந்தை மட்டும் மாற்றுங்கள்.

உளுத்த அடிச்சட்டத்தை முழுதாகத் தூக்கிவிட்டுப் புதிது வைக்கிறேன் என்பவரிடம் கவனமாக இருங்கள். கெட்டது எவ்வளவோ அவ்வளவே வெட்டி, நல்ல மரம் தொடங்கும் இடத்தில் சாய்வெட்டு மூட்டாகப் புது ஓக்கைச் சேர்த்து முளையடிப்பதுதான் முறை. தூண்களை முட்டுக்கொடுத்துத் தாங்கி, ஒரு பகுதி முடிந்த பிறகே அடுத்த பகுதி. இரும்பு ஆணி வேண்டாம். ஓக்கின் துவர்ப்பு அமிலம் சாதாரண இரும்பை அரித்து மரத்தையும் நீலக்கறுப்பாக்கும். போல்ட்டு வேண்டுமானால் துருவேறா எஃகு. பிசின் ஊற்றி நிரப்பும் பழுது மரத்துக்கும் பிசினுக்கும் நடுவே நீரைப் பிடித்துக்கொள்ளும்.

மரத்தைக் கறுப்படிப்பது பற்றியும் ஒரு சொல். கறுப்பு வெள்ளை வீடு என்றால்தான் பழைய ஆங்கில வீடு என்ற எண்ணம் பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டு பரப்பியது. சஃபோக் லாவெனமில் பார்த்தால் ஓக் வெள்ளியாக நரைத்தோ, சுவரோடு சேர்த்துச் சுண்ணாம்படித்தோ நிற்கும். இருக்கும் கறுப்பை மணல்வீச்சால் எடுக்க வேண்டாம். மணல் பட்ட ஓக்கில் தச்சரின் கீறல் எண்களும், தீங்கு அணுகாதிருக்க அடுப்பருகே கீறிய வட்டங்களும், விளக்குச் சூட்டுக் கறைகளும் ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

கூரை தனி மடலுக்கு உரியது. வேய்ந்த கூரையானால் முகட்டுப் பகுதியை 10, 15 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், விறகடுப்பு வைக்குமுன் புகைபோக்கியைச் சோதியுங்கள். கென்ட் பக்கம் கையால் செய்த மண் ஓடுகள். 1477ஆம் வருடச் சட்டம் ஓடு 10½ அங்குல நீளம், 6¼ அங்குல அகலம் என்று விதித்தது. உங்கள் பழைய ஓடு இன்றும் அந்த அளவை ஒட்டியே இருக்கும். உடைந்தவற்றுக்கு மட்டும் பழைய ஓடு தேடுங்கள். வௌவால் இருந்தால் 1981ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, கூரையைத் தொடுமுன் பார்க்கச் சொல்லுங்கள். குளிருக்கு ஃபோம் பலகை வேண்டாம். தளத்தின்மேல் செம்மறி உரோமம் அல்லது மரநார், தாழ்வாரத்தில் காற்றுப் போக வழி விட்டு. சட்டத்தோர இடைவெளியில் உரோமத்தைத் திணித்து மேலே மயிர்க்காரை, அதுவே வரும் காற்றைப் பெருமளவு நிறுத்தும்.

இனி அரசின் சட்டவிதிகள். 1700க்கு முன் கட்டி, பழைய நிலையை ஓரளவாவது காத்து நிற்கும் வீடு ஏறக்குறைய எல்லாமே பழங்கட்டடப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும். உங்கள் வீட்டுப் பதிவை ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பட்டியலில் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். முகப்பு மட்டும் என்று நினைக்க வேண்டாம், உள்கதவு, படிக்கட்டு, காரைவரை முழு வீடும், 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே மனையில் நிற்கும் கொட்டிலும் சேர்த்தி. வீட்டின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும் கவுன்சிலிடம் "லிஸ்டட் பில்டிங் கன்சென்ட்" வேண்டும். 1990ஆம் வருடச் சட்டத்தில் அனுமதியின்றிச் செய்வது குற்றம், இரண்டு வருடம் வரை சிறையும், வரம்பில்லா அபராதமும் உண்டு. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, முடிவுக்குச் சட்டம் தரும் காலம் 8 வாரம். உள்ளதை உள்ளபடி பழுதுபார்ப்பதற்குப் பலவேளை அனுமதி தேவைப்படாது, ஆனாலும் கவுன்சிலின் பழங்கட்டடப் பாதுகாப்பு அதிகாரியிடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். முன்னவர் அனுமதியின்றிச் செய்ததைச் சீர்செய்யும்படி உங்களுக்கு உத்தரவு வரலாம், அதற்குக் காலவரம்பு இல்லை. வாங்குமுன் வழக்கறிஞரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள். தொழில்நுட்பச் சந்தேகங்களுக்கு, வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877இல் தொடங்கிய எஸ்.பி.ஏ.பி. என்ற பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொலைபேசியில் இலவசமாக ஆலோசனை தருகிறது.

முதல் வருடம் பீலியைச் சுத்தம் செய்யுங்கள், நிலமட்டத்தை இறக்குங்கள், நாலு பருவமும் வீட்டைப் பாருங்கள், வேறொன்றும் வேண்டாம். புரட்டாதியில் சுண்ணாம்புக் களி வாங்கி, மேலே நாலு விரல் நீர் நிற்க மூடி, உறைபனி தொடாத கொட்டிலில் வையுங்கள். சித்திரை வரும்போது அது வெண்ணெய்போல் இருக்கும், மேசனைக் கூப்பிடலாம்.

அன்புடன்,
மரச்சட்ட, சுண்ணாம்புக் காரைத் தொழிலாளர்கள்